மெழுகுதல்

ஆகஸ்டில் எனக்குப் பத்து மணி ஷிஃப்ட்.
தீவிலிருந்து அக்கரை பேக்கரிக்கு
ஒரே பாலம்.
நான் பாலம் ஏறுகிற நேரம் பார்த்துத்தான்
டான்யூபும் தன் வெள்ளைப் பூச்சிகளை
விளக்குகளை நோக்கி ஏவிவிடும்.

டான்யூப் மலர் என்று அவற்றுக்குப் பெயர்.
பெயர் வைத்தவர்
ஹெல்மெட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு
அறுபதில் இந்தப் பாலம் கடந்தவர் அல்ல.

முதல் வாரம் கண்ணாடி முழுக்கக் கூழ்.
கையுறையால் ஒரு இழு இழுத்தேன்,
பாலம் இரண்டானது.
லாரி ஹார்ன் அடித்தது,
எந்தப் பாலத்தில் என்று தெரியவில்லை.

அடுப்புக்காரன் கெல்லேர்த்
மாவுக்கையை ஆட்டி ஆட்டிப் பாடம் நடத்தினான்.
ஹெட்லைட்டுக்கு வாசலின்.
ரேடியேட்டருக்கு நைலான் காலுறை;
யாருடையது என்று உன் மனைவி கேட்டால்
அவளுடையது என்றே சொல்.
காய்ந்ததைச் சுரண்டாதே, ஊறவை,
ஈரச் செய்தித்தாள் போதும், ஒரு சிகரெட் நேரம்.

ஊறவைத்தேன்.
தாளின் மை கண்ணாடிக்கு இறங்கி
அன்று காலை வீடுவரை
தலைகீழ் மரண அறிவிப்புகளின் ஊடாகச்
சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பெட்ரோல் பங்கில் போரோகா
எலுமிச்சை மணக்கும் ஸ்ப்ரே ஒன்றைத் தலையில் கட்டினாள்.
பூச்சிகளுக்கு அந்த மணம் பிடித்துப்போயிற்று.

தோல் ஜாக்கெட்டுக்கு முதலில் வினிகர் தண்ணீர்,
அப்புறம் தேன்மெழுகு.
மோந்து பார்த்த ஹய்னால்கா சொன்னாள்:
ஊறுகாய்க் கடையும் தேவாலயமும்
ஒரே ஆளுக்குள் குடிவந்த மாதிரி இருக்கிறது.

கடைசியாக, வண்டிக்கு மெழுகு.
ஞாயிறு முழுக்க, மூன்று பூச்சு.
கறுப்பு டேங்கில் முதலில் என் மூக்கு தெரிந்தது,
பிறகு பாப்லர் மரம்,
பிறகு, அதற்கும் பின்னால் போன ஒரு மேகம்.
இனி எதுவும் ஒட்டாது, என்றான் கெல்லேர்த்.

திங்கள் இரவு
பாலத்தின் நடுவே வரிசை நின்றுவிட்டது.
செத்த பூச்சிகளின் மேல் கார் ஒன்று வழுக்கித்
தடுப்பில் சாய்ந்திருந்தது. யாருக்கும் அடியில்லை.
எஞ்சினை அணைத்தேன்.
விளக்கை அணைத்தேன்.
நின்ற வண்டி; மோத ஒன்றுமில்லை.

ஆனாலும் வந்தன.

மோதவில்லை. இறங்கின.
ஒவ்வொன்றாக, டேங்கின் மேல்,
வால் நுனியைத் தொட்டுத் தொட்டு
மஞ்சளாக எதையோ வைத்தன.
எனக்குக் கை தூக்க வரவில்லை.

ஓரமாக நோட்டுப் புத்தகத்தோடு நின்ற பெண்,
பெயர் செங்கே என்றாள்,
பூச்சி எண்ணுவதுதான் கோடை வேலையாம்,
டேங்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு
சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.
கறுப்பாகப் பளபளத்தால் அவற்றுக்கு ஆறு.
முட்டையிட வருகின்றன.
நீங்கள் ஆற்றைப் பாலத்தின் மேலேயே
கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள்.

கடிக்குமா என்று கேட்டேன், எதையாவது கேட்க.
தின்னவே தெரியாது, என்றாள்.
இந்த ஒரு இரவுதான்.
அதில் சாப்பாட்டுக்கு நேரம் ஒதுக்கவில்லை.

நான் இரவெல்லாம் ரொட்டி சுடுகிறவன்.
இப்படி ஒரு வாடிக்கையாளரை
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வரிசை நகர்ந்ததும் பாலம் தாண்டி
ஆற்றங்கரைக்கு வண்டியை இறக்கினேன்.
டேங்கைத் தண்ணீரில் கழுவினேன்.
முட்டைகள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போனதா,
இருட்டில் என்ன தெரியும்.
அடுத்து ஒரு கை சேறு அள்ளிப் பூசினேன்.

வழிந்தது.
மூன்று பூச்சு அல்லவா,
சேற்றையும் ஒட்டவிடவில்லை.
மறுபடி அள்ளினேன், வழிந்தது.
நனைந்த மணலை எடுத்துத் தேய்த்தேன்,
என் ஞாயிற்றுக்கிழமை கரகரவென்று போனது.
அப்புறம் பிடித்தது.
வீட்டுத் தரை மெழுகுவதுபோல்
உள்ளங்கையால் வளைத்து வளைத்து
மினுக்கம் ஒரு விரலளவும் மீறாமல்
மெழுகினேன்.

பேக்கரியில் நாற்பது நிமிடம் தாமதம்.
முழங்கைவரை சேறு,
கண்ணாடியில் வழக்கம்போல் கூழ்.
கெல்லேர்த் வாசலுக்கு வந்து
வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
முதலாளி கேட்டதற்கு
டயர் பஞ்சர் என்றேன்.